நாற்பது நிமிடப் பற்றரி

சீட்டு நாற்பதாயிரம்.
அவசரத்துக்குக் கூறி எடுத்ததில் கழிவு போகக்
கையில் வந்தது முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.
மிச்சம் பதினொரு மாதமும் கட்டவேணும்.
அதைப் பிறகு பார்ப்பம்.

கரடிப்போக்குச் சந்தியில்
மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப் போன் கடைக்குள் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கமரா,
நெருப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு.
கடைப் பெடியன் பவநீதன் கேட்டான்:
"கலியாணமோ அக்கா, சாமத்தியமோ?"
இல்லை.
"அப்ப செத்தவீடோ? கனடாவில ஆக்கள்
நேரடியாப் பாக்கலாம்."
இல்லைத் தம்பி.
ஆறு நாளும் கார்மென்ற்ஸில் கொலர் தைக்கிறன்.
ஞாயிறு ஓடுவன்.
மாங்குளத்தால திரும்பி ஒட்டுசுட்டான், அங்கால முத்தையன்கட்டு,
ரோட்டு முடியிற இடம் மட்டும்.
முடிஞ்சால் அங்காலயும்.
அதைப் பிடிக்க வேணும்.

என் ஹெல்மெற்றை ஒருமுறை பார்த்தான்.
அதில் கொழுவலாம் என்றான்.

முதலாவது பன்னிரண்டாயிரம்.
குலுக்கிப் பார்த்தேன், படமும் குலுங்கியது.
"பெட்டிதான் அக்கா நாலு கே, உள்ளுக்கு இல்லை."
இப்படிச் சொல்பவன்
இந்தக் கடையில் எத்தனை நாள் இருப்பானோ.
மூன்றாவது ஒரு லட்சத்து எண்பது.
தொட்டதுக்கே வட்டி கேட்கும்போல் இருந்தது,
மெல்ல வைத்துவிட்டேன்.

நடுவில் இருந்தது கைமாறியது.
இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.
வில்லையில் கீறல் இல்லை, தண்ணிக்கூடு உண்டு,
பற்றரி நாற்பது நிமிடம்.

நாற்பது நிமிடமென்றால்
இங்கே அமத்தினால் மாங்குளத்தில் அணையும்,
சரியாகக் காடு தொடங்குகிற இடத்தில்.
ஆகவே நேர்ரோட்டை எடுக்கக் கூடாது.
முறிகண்டியில் கச்சான் வாங்குவதை எடுக்கக் கூடாது.
எதை விடுவதென்று
முதலே தெரிந்திருக்க வேணும்.

பிறகு நான் கேட்டேன்:
சிவப்பு லைட்டை அணைக்கலாமோ?
அழிக்கிறதுக்கு எத்தனை தரம் அமத்தவேணும்?
"எல்லாரும் எப்பிடிச் சேமிக்கிறதெண்டு கேப்பினம்," என்று
சிரித்தான். பத்தொன்பது வயதிருக்கும்.
விளக்கம் சொல்லவில்லை.

இந்த ரோட்டில் கமராவோடு நிற்கிறவரை
எதுக்கு என்று கேட்பார்கள்.
என்னிடம் உள்ள மறுமொழி: சும்மா.
சும்மா என்றதை
இங்கே ஒருவரும் நம்பியதில்லை.
எங்களைப் படமெடுத்தவர்கள் எல்லாருமே
ஒரு காரணத்தோடு வந்தவர்கள்.
தறப்பாள், வரிசை, கஞ்சிக் கிடாரம்.
ஒன்றில் நானும் நிற்கிறேனாம், வாளியோடு.
தர்மிளா கண்டிருக்கிறாள்.
நான் தேடவில்லை.

கடையின் பின்பக்கத் தொட்டியில்
கமராவைத் தாட்டுப் பார்த்தோம்.
தண்ணீருக்குள்ளிருந்து அது எங்களைப் பார்த்தது:
இரண்டு தலை, தகரக் கூரை,
பவநீதனின் மூக்கு மட்டும் நல்ல பெரிசாக.
இருபத்தெட்டாயிரத்துக்கு இறங்கினான்,
மெமரி காட்டோடு.

முதல் ஞாயிறு:
வில்லையில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக்கை உரிக்க மறந்துபோனேன்.
வன்னி முழுக்கப் பனி.
இரண்டாம் ஞாயிறு:
வாய்க்கால் கட்டிலிருந்து பாய்ந்தேன்.
படத்தில் மண்ணிறம், பிறகு வானம், பிறகு
என் செருப்பு தனியாகப் போகிறது.
மூன்றாவதில்
காட்டுப் பாதை நெடுக நான் ஏதோ கதைக்கிறேன்.
காத்து விடவில்லை.
இரவு அறையில் தர்மிளா காதை வைத்துக் கேட்டாள்,
"என்னடி சொல்லுறாய் அதில?"
எனக்கும் விளங்கவில்லை.
ஆனால் கேட்டுக்கொண்டேயிருந்தோம்,
கரகரவென்று நாற்பது நிமிடம்.

நாற்பத்தோராவதில்
பாலை மரத்தடியில் யானை நின்றது.
ஒற்றை. காதை ஆட்டவில்லை.
எஞ்சினை நிப்பாட்டி நானும் நின்றேன்.
படத்தில் இல்லை,
நம்பினால் நம்பு என்றேன் தர்மிளாவிடம்.
விளக்கை நூர்த்துவிட்டுப் படுத்தாள்.

இன்னொரு பற்றரி மூவாயிரத்து இருநூறாம்.
சம்பளம் பத்தாம் திகதி.